உறுமி, தம்புரா, அம்மாவின் பழைய பாட்டு: ஓசை பற்றிய வாசகர் கேள்விகள்

தைப்பூசத்துக்குப் பிறகு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஏதோ ஒரு வகையில் ஓசையைப் பற்றியே கேட்டிருந்தன. எனவே இந்த மாதக் கேள்வி–பதில் பகுதியை அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். ஒரே பொருளைக் கேட்டிருந்த கடிதங்களைச் சேர்த்து ஒரு கேள்வியாக்கியுள்ளேன். நோய், மருந்து தொடர்பானவற்றில் பொதுவான விளக்கத்தை மட்டுமே இங்கே தர முடியும் என்பதை வாசகர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

தைப்பூசத்தன்று பினாங்குத் தண்ணீர்மலைக் கோயிலுக்குக் காவடியோடு நடக்கும்போது உறுமி மேளம் அருகில் வந்ததும் உடல் சிலிர்க்கிறது. கால் தானாக ஆடுகிறது. சிலருக்கு அருளே வந்துவிடுகிறது. என் மகனோ, "இது வெறும் சத்தம், காதுதான் கெடும்" என்கிறான். யார் சொல்வது சரி?
*— வாசகர், பட்டர்வொர்த்*

உங்கள் மகன் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் கருவியைப் பார்ப்போம். இருமுகத் தோற்கருவியான உறுமியில் ஒரு முகத்தைக் குச்சியால் அடிக்கிறார்கள். மறுமுகத்தில் குச்சியை அழுத்தித் தேய்க்கிறார்கள். தேய்க்கும்போது குச்சி தோலைப் பற்றி இழுப்பதும் பிடி நழுவி விடுவதுமாக மிக வேகமாக மாறி மாறி நடக்கிறது. பிடில் தந்தியின்மேல் வில் உரசும்போது நிகழ்வதும் இதேதான். கையின் அழுத்தம் கூடக் குறைய, ஒலி வழுக்கிக்கொண்டே ஏறி இறங்குகிறது. அதனால்தான் அடி விழுந்ததும் அடங்கிவிடும் மற்ற மேளங்களைப் போலன்றி, உறுமி ஒரு தொண்டையிலிருந்து எழுவதுபோல நீண்டு ஒலிக்கிறது. மனிதச் செவி குரலை ஒத்த ஓசைகளுக்குத் தனிக் கவனம் கொடுக்கக் கூடியது. அத்தனை இரைச்சலுக்கு நடுவிலும் உறுமி தனித்துக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

கால் தானாக ஆடுவதற்கான விளக்கம் இன்னும் தெளிவானது. சீரான தாளத்தைக் கேட்கும்போது, அசையாமல் படுத்திருப்பவரின் மூளையிலும் உடலசைவைத் திட்டமிடும் பகுதிகள் இயங்குவதை மூளைப் படங்களைக் கொண்டு செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தாளத்தைக் கேட்பதே பாதி ஆடுவதுதான். தாழ்ந்த ஒலிகளுக்கு இந்த ஆற்றல் கூடுதலாக உண்டு. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு மின்னிசை நிகழ்ச்சியின் நடுவே, காதுக்குத் தனியே புலப்படாத அளவுக்குத் தாழ்ந்த ஒலியை எழுப்பும் ஒலிபெருக்கிகளைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை இயக்கியும் நிறுத்தியும் பார்த்தார்கள். எப்போது இயங்குகிறது என்பது வந்திருந்தவர்களுக்குத் தெரியவில்லை. ஆனாலும் அவை இயங்கிய நேரங்களில் ஏறத்தாழ 12 விழுக்காடு அதிகமாக ஆடினார்கள் என்று 2022இல் வெளியான அவர்களுடைய கட்டுரை கூறுகிறது. இந்தப் பழக்கம் மிகச் சிறு வயதிலேயே தொடங்கிவிடுகிறது. 2005இல் வெளியான மற்றோர் ஆய்வில், அழுத்தம் எங்கே விழுகிறது என்று சொல்ல முடியாத ஒரு தாளத்தை ஏழு மாதக் குழந்தைகளுக்கு ஒலிக்கச் செய்து, சிலரை இரண்டு அடிக்கு ஒருமுறையும் சிலரை மூன்று அடிக்கு ஒருமுறையும் தூக்கிக் குலுக்கினார்கள். பிறகு, எந்தக் கணக்கில் குலுக்கப்பட்டார்களோ அந்தக் கணக்கில் அழுத்தம் விழும் தாளத்தையே குழந்தைகள் அதிக நேரம் கேட்டார்கள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மேளத்தோடு நடக்கும் தாய்மார்கள், தம்மை அறியாமலே தாளப் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறார்கள்.

அருள் வருவதை ஓசையின் வேலை என்று மட்டும் சொல்ல நான் உடன்படமாட்டேன். பல நாட்டுச் சடங்குகளை ஒப்பிட்டு ஆராய்ந்த பிரெஞ்சு இசையியலாளர் ஜில்பெர் ரூஷே, இன்ன தாளம் கேட்டால் தன்னிலை மறந்துவிடுவார்கள் என்ற கருத்தை ஏற்கவில்லை. நம்பிக்கையும் எதிர்பார்ப்பும் அந்தச் சமூகத்தின் பழக்கமும் சேர்ந்த இடத்தில்தான் இசைக்கு அந்த ஆற்றல் கிடைக்கிறது என்று அவர் வாதிட்டார். நம் கண்ணெதிரே நடப்பதும் இதற்குப் பொருந்துகிறது. மேளத்துக்கு மிக அருகில் மணிக்கணக்கில் நிற்பவர் வாசிப்பவர்தான். அவருக்குப் பெரும்பாலும் அருள் வருவதில்லை. படம் பிடிக்க வந்த வெளிநாட்டுப் பயணிக்கும் வருவதில்லை. விரதமிருந்து, நேர்ந்துகொண்டு, உறவினர் சூழ வந்தவருக்கே வருகிறது.

கூட்டமாகச் சேர்ந்து செய்வதன் பயனை அளந்து பார்த்த ஆய்வு ஒன்று நமக்கு மிக நெருக்கமானது. மொரிசியஸ் தமிழர்களின் தைப்பூசத்தில் நடத்தப்பட்டு 2013இல் வெளியான அந்த ஆய்வில், அலகு குத்திக் காவடி எடுத்தவர்களிடமும், அவர்களோடு நடந்து வந்தவர்களிடமும், சில நாட்களுக்கு முன் கூட்டு வழிபாட்டில் மட்டும் கலந்துகொண்டவர்களிடமும் ஒரு சிறு தொகையைக் கொடுத்து, விரும்பினால் அதிலிருந்து கோயிலுக்கு நன்கொடை அளிக்கலாம் என்றார்கள். காவடி எடுத்தவர்கள் அதிகமாகக் கொடுத்தார்கள். வலியே இல்லாமல் உடன் நடந்தவர்களும் அவர்களுக்குக் குறையாமல் கொடுத்தார்கள். மேளத்தின் பங்கை மட்டும் அந்த ஆய்வு தனியே பிரித்து அளக்கவில்லை. ஆனால் சேர்ந்து பாடுவதும் சேர்ந்து ஆடுவதும் வலியைத் தாங்கும் திறனைச் சற்று உயர்த்துகின்றன என்பதைப் பிரிட்டனில் ராபின் டன்பர் குழுவினர் வேறு சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், உறுமிச் சத்தத்தில் சிலிர்த்தது உங்கள் கற்பனை அல்ல என்று உங்கள் மகனுக்குச் சொல்லலாம்.

இனி மகனின் பாதி. உட்செவியில் நத்தை ஓடுபோல் சுருண்ட காக்ளியாவில் ஒலியை உணரும் மயிர் செல்கள் ஏறத்தாழ 15,000 உள்ளன. பேரொலியால் அவை அழிந்தால் மனிதரில் மீண்டும் முளைப்பதில்லை. பரவலாக ஏற்கப்பட்ட பணியிடக் கணக்கின்படி 85 டெசிபெல் ஒலியை ஒரு நாளில் 8 மணி நேரம் தாங்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகக் குறைந்துகொண்டே வர, 100 டெசிபெல்லில் 15 நிமிடங்கள்தான் மிஞ்சும். மலேசியாவின் 2019ஆம் ஆண்டுப் பணியிட இரைச்சல் விதிமுறைகளும் 85 டெசிபெல்லையே எல்லையாக வைத்திருக்கின்றன. ஆனால் அது தொழிலாளிக்கு. பக்தருக்கும் மேளக்காரருக்கும் அப்படி எந்தக் காவலும் இல்லை. எனக்கு உறுமியைவிடத் தண்ணீர்ப்பந்தல்களில் அடுக்கி வைக்கும் ஒலிபெருக்கிகள்தான் கவலை தருகின்றன. மேளம் நடந்து கடந்துவிடும். ஒலிபெருக்கி இரவு முழுதும் அங்கேயே நிற்கும், அதன் காலடியில் மோர் ஊற்றிக் கொடுக்கும் பிள்ளைகளும் நிற்பார்கள்.

மருந்துக் கடையில் கிடைக்கும் பஞ்சுபோன்ற காதடைப்பான் போதுமானது. ஆனால் பலர் அதைச் சரியாகச் செருகுவதில்லை. விரல்களுக்கிடையே மெல்லிய குச்சிபோல் உருட்டி, மறு கையால் காது மடலை மேல்நோக்கிப் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே விட்டு, அது விரிந்து நிறையும்வரை விரலால் தாங்கிப் பிடிக்க வேண்டும். வெளியே துருத்திக்கொண்டு நின்றால் பயனில்லை. வாரந்தோறும் பயிற்சி எடுக்கும் மேளக் குழு இளைஞர்கள் இதை வழக்கமாகக் கொள்வது நல்லது. பயிற்சி முடிந்து வீடு திரும்பிய பின்னும் காதில் ரீங்காரம் கேட்டால் அன்று அளவு மீறிவிட்டது என்று பொருள்.

குறிப்பிட்ட ராகத்தைக் கேட்டால் இரத்த அழுத்தம் குறையும் என்றும், 432 ஹெர்ட்ஸில் அமைத்த இசை நோய் தீர்க்கும் என்றும் வாட்ஸ்அப் குழுவில் நாள்தோறும் செய்தி வருகிறது. என் கணவர் இதை நம்பி மாத்திரையைக் குறைக்கப் பார்க்கிறார். உண்மை என்ன?
*— வாசகி, ஜாலான் ஈப்போ, கோலாலம்பூர்*

மாத்திரையில் கை வைக்க வேண்டாம் என்று முதலில் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். இன்ன ராகம் இன்ன நோயைத் தீர்க்கும் என்று அட்டவணை போடும் அளவுக்கு நம்பத்தக்க மருத்துவச் சான்று எதுவும் இல்லை.

432 ஹெர்ட்ஸ் கதை நம் இசைக்கு முற்றிலும் அயலானது. வாத்தியங்களை ஒரே அளவில் சுருதி சேர்க்க வேண்டும் என்பதற்காக 1939இல் லண்டனில் கூடிய மாநாடு, மேற்கத்திய இசையின் 'ஏ' ஸ்வரத்துக்கு 440 ஹெர்ட்ஸை, அதாவது நொடிக்கு 440 அதிர்வுகளைப் பரிந்துரைத்தது. பின்னர் அதுவே பன்னாட்டுத் தரமாயிற்று. அது மேற்கத்திய வாத்தியக் குழுக்களின் வசதிக்கான ஏற்பாடு, அவ்வளவுதான். கர்நாடக இசையில் ஆதார ஸட்ஜத்துக்கு, அதாவது பாட்டுக்கு அடித்தளமான 'ஸ'வுக்கு, நிலையான அளவே கிடையாது. கட்டை என்பது அந்தச் சுருதியின் கணக்கு. ஆண் பாடகர் ஒன்று, ஒன்றரைக் கட்டையிலும், பெண்கள் ஐந்து, ஐந்தரைக் கட்டையிலும் பாடுகிறார்கள். தொண்டை கட்டியிருந்தால் அன்று அரைக் கட்டை இறக்கிக்கொள்கிறார்கள். நோய் தீர்க்கும் ஆற்றல் ஒரே ஒரு எண்ணில் இருக்குமானால், நம் வித்வான்களில் பெரும்பாலோர் வாழ்நாள் முழுதும் அதைத் தவறவிட்டவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

அதற்காக, இசையால் உடலில் ஒன்றும் நிகழ்வதில்லை என்றும் சொல்லிவிட முடியாது. இத்தாலியின் லூசியானோ பெர்னார்டி குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வில் 24 பேருக்கு ஆறு வகை இசையை ஒலிக்கச் செய்து இதயத் துடிப்பு, இரத்த அழுத்தம், மூச்சு ஆகியவற்றை அளந்தார்கள். அந்த ஆறில் இந்திய ராகம் ஒன்றும் இருந்தது; ராப் இசையும் இருந்தது. வேகமான இசை மூச்சையும் அழுத்தத்தையும் துடிப்பையும் ஏற்றியது, மெதுவானது தணித்தது. இசையின் வகையைவிடவும், கேட்பவரின் விருப்பத்தைவிடவும், வேகமே அங்கே முதன்மையாக இருந்தது. யாரும் எதிர்பாராத முடிவு இன்னொன்று: இசைக்கு நடுவே இரண்டு நிமிடம் மௌனமாக விட்ட இடைவெளியில்தான் உடல் மிக நன்றாகத் தளர்ந்தது. இதே குழுவினர் 2001இல், கத்தோலிக்கர்களின் ஜெபமாலையும் ஒரு யோக மந்திரமும் முறையாகச் சொல்லப்படும்போது மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறு முறையாகக் குறைகிறது என்றும், அந்த வேகத்தில் இதயத்துக்கும் இரத்தக் குழாய்களுக்கும் இடையிலான ஒத்திசைவு சிறக்கிறது என்றும் காட்டியிருந்தார்கள். கோயிலில் பதிகம் ஓதி முடித்தபின் கிடைக்கும் அமைதிக்கும் நீண்ட அடியை ஒரே மூச்சில் இழுத்துச் சொல்வதற்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்று நான் கருதுவது இதனால்தான். அமைதி எந்த ராகத்தின் பெயரிலும் இல்லை. நீட்டி இழுக்கும் மூச்சில் இருக்கிறது.

உங்கள் கணவருக்கு விருப்பம் இருந்தால் பாட்டைக் கேட்பதோடு நிறுத்தாமல், சுருதியோடு சேர்ந்து குரல் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கைப்பேசியிலேயே தம்புரா செயலிகள் கிடைக்கின்றன. உண்மையான தம்புரா கேட்கக் கிடைத்தால் இன்னும் நல்லது. தந்திக்கும் அதைத் தாங்கும் குதிரை என்ற பாகத்துக்கும் இடையே ஒரு மெல்லிய நூலை வைத்து, அதை மயிரிழை அளவு முன்னும் பின்னும் நகர்த்துவார்கள். ஓர் இடத்தில் வந்ததும், அதுவரை மொட்டையாக ஒலித்த தந்தி திடீரென்று கார்வை பெற்று, மேலே பல நுண்ணொலிகளைச் சொரியத் தொடங்கும். அந்தக் கார்வைக்குள் நம் குரல் சரியாகப் பொருந்தினால் அது தனியே கேட்காமல் மறைந்துவிடும். பொருந்தாவிட்டால் இரண்டுக்கும் இடையே ஓர் அதிர்வு தட்டிக்கொண்டே இருக்கும். நீண்ட ஸட்ஜம் பிடிக்கப் பழகுபவருக்கு மூச்சு தானாகவே நீளும். மாத்திரையோடு சேர்த்து இதைச் செய்தால் எந்த மருத்துவரும் மறுக்கப்போவதில்லை.

எல்லாரும் இசை என்றால் உருகுகிறார்கள். எனக்கு எந்தப் பாட்டைக் கேட்டாலும் ஒன்றுமே தோன்றுவதில்லை. காதும் நன்றாகத்தான் இருக்கிறது. இது குறையா?
*— வாசகர், ஆயர் ஈத்தாம், பினாங்கு*

குறை இல்லை. காதும் மனநிலையும் நன்றாக இருந்தும், உணவு, பணம், நட்பு முதலியவற்றில் இன்பம் காண முடிந்தும், இசையில் மட்டும் இன்பம் தோன்றாத மனிதர்கள் சிறு எண்ணிக்கையில் இருக்கிறார்கள் என்பதைப் பார்சலோனா ஆய்வாளர்கள் 2014இல் விவரித்தார்கள். கச்சேரிக்கு வற்புறுத்தி அழைப்பவர்களிடம் இந்தப் பதிலைக் காட்டலாம்.

என் அம்மாவுக்கு வயது 81, மறதி நோய். என்னையே சில நாட்களில் யாரென்று கேட்கிறார். ஆனால் வானொலியில் அவர் இளமையில் கேட்ட பாட்டு வந்தால் சரணம் வரை பிசகாமல் பாடுகிறார். இது எப்படி? இதைக் கொண்டு அவருக்கு ஏதாவது செய்ய முடியுமா?
*— வாசகி, செந்தூல், கோலாலம்பூர்*

இதே கேள்வியைப் பலர் எழுதியிருந்தார்கள். தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, பின் நகரத்துக்குக் குடிபெயர்ந்த அந்தத் தலைமுறை இப்போது முதுமையை எட்டிவிட்டது.

நினைவு என்பது மூளையின் ஒரே இடத்தில் பூட்டி வைக்கப்பட்ட பொருள் அல்ல. நேற்று என்ன நடந்தது, எதிரில் நிற்பவர் யார் என்பன ஒரு வகை. மீண்டும் மீண்டும் செய்து உடம்பில் ஊறியவை வேறு வகை. பிரிட்டிஷ் இசைக்கலைஞர் கிளைவ் வேரிங் 1985இல் ஹெர்பீஸ் வைரஸால் வந்த மூளை அழற்சிக்குப் பிறகு, சில நொடிகளுக்கு மேல் எதையும் நினைவில் நிறுத்த முடியாதவரானார். ஆனால் பியானோவின் முன் அமர்த்தினால் வாசிப்பார்; பாடகர் குழுவைக் கையசைத்து நடத்துவார். ஜெர்மனியின் லைப்சிக் நகர ஆய்வாளர்கள் 2015இல், நெடுநாள் பழகிய பாட்டை அடையாளம் காணும் மூளைப் பகுதிகள் எவை என்று முதலில் கண்டறிந்து, பின் அல்சைமர் நோயாளிகளின் மூளையில் அதே இடங்களைப் பார்த்தார்கள். மற்ற பகுதிகள் சுருங்கிய அளவுக்கு அவை சுருங்கவில்லை. பாட்டில் சொற்கள் மெட்டோடும் தாளத்தோடும் கோக்கப்பட்டிருப்பதும் உதவுகிறது. ஓர் அடியின் முடிவே அடுத்த அடியை எடுத்துக் கொடுத்துவிடும்.

ஆனால் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதில் தெளிவு வேண்டும். பல ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்ட காக்ரேன் நிறுவனத்தின் அறிக்கை, இசை சார்ந்த சிகிச்சை மறதி நோயாளிகளின் மனச்சோர்வை ஓரளவு குறைக்கலாம் என்றே சொல்கிறது. இழந்த நினைவு திரும்பும் என்று சொல்லவில்லை. அம்மா பாட்டை முடித்துவிட்டு உங்களை மறுபடியும் யாரென்று கேட்கலாம். அதனால் பாட்டு தோற்றுவிட்டது என்று நினைக்காதீர்கள்.

பாட்டுகளைத் தேர்ந்தெடுக்கும்போது, அவருடைய பத்து வயது முதல் முப்பது வயதுக்குள் கேட்டவற்றைத் தேடுங்கள். நினைவில் ஆழமாகப் பதிபவை பெரும்பாலும் அந்தக் காலத்தவை. திரைப்பாடல் மட்டும் என்று இல்லை. தோட்டத்துக் கோயில் திருவிழாவில் பாடிய கும்மி, பிள்ளைகளுக்குப் பாடிய தாலாட்டு, பஜனைப் பாடல் ஆகியவையும் இருக்கும். அவற்றுக்கு ஒலிப்பதிவு கிடைக்காது. அவருடைய தங்கை, பழைய அண்டை வீட்டார் எவராவது இருந்தால் அவர்களைக் கேட்டு நீங்களே முதல் அடியைப் பாடுங்கள். குரல் நன்றாக இல்லையே என்று தயங்க வேண்டாம். அவர் பாடிச் சேர்த்துக்கொள்வார். குளிப்பாட்டுவதற்கு முன்போ, மாலையில் அமைதியிழந்து வீட்டுக்குப் போக வேண்டும் என்று வாசலுக்கு நடக்கும் வேளையிலோ ஒரு பாட்டு, இரண்டு பாட்டு போதும். நாள் முழுதும் வானொலியை ஓடவிடுவது சிகிச்சை ஆகாது. செய்தியும் விளம்பரமும் கலந்த பேச்சு இத்தகையவர்களைக் குழப்பவே செய்யும். பாடும்போது முகத்தைப் பாருங்கள். ஒரு குறிப்பிட்ட பாட்டுக்கு மட்டும் அழுகிறார், கையை முறுக்குகிறார் என்றால் அதை எடுத்துவிடுங்கள். இறந்துபோன ஒருவரோடு அது சேர்ந்திருக்கலாம். காரணத்தைச் சொல்ல அவரிடம் சொற்கள் இருக்காது.

ஒன்றை மட்டும் தள்ளிப் போடாதீர்கள்: அம்மாவின் செவித்திறனைச் சோதியுங்கள். எண்பதைத் தாண்டியவர்களில் கேட்கும் திறன் குறையாதவர்கள் மிகச் சிலரே. மறதி என்று நாம் நினைப்பதில் ஒரு பகுதி, சொன்னது காதில் விழாமையாக இருக்கக்கூடும். காதில் அழுக்கு அடைத்திருப்பதுகூடக் காரணமாகலாம். அதை ஒரே நாளில் எடுத்துவிடலாம். உங்களைப் போன்ற நடுவயதினருக்கும் இதில் செய்தி உண்டு. மறதி நோய்க்கு வழிவகுப்பவற்றில் மாற்றக்கூடிய காரணங்களாக லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024இல் பட்டியலிட்ட 14இல், நடுவயதில் கவனிக்காமல் விட்ட காது மந்தமும் ஒன்று. மூக்குக் கண்ணாடி போடத் தயங்காத நாம் செவிக்கருவி என்றால் மட்டும் வயதை மறைக்கப் பார்க்கிறோம்.

பிரிக்பீல்ட்ஸில் ரயில் பாதையையும் நெடுஞ்சாலையையும் ஒட்டிய அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். மகன் பாதை பக்கத்து அறையில்தான் படிக்கிறான், தூங்குகிறான். "பழகிவிட்டது" என்கிறான். விட்டுவிடலாமா?
*— வாசகர், கோலாலம்பூர்*

விட்டுவிட வேண்டாம். நியூயார்க்கில் உயர்பாதை ரயிலை ஒட்டியிருந்த ஒரு பள்ளியை ஆர்லின் பிரான்சாஃப்ட் என்ற உளவியலாளர் ஆராய்ந்து 1975இல் முடிவுகளை வெளியிட்டார். ஒரே பள்ளி, ஒரே பாடம். ஆனால் தண்டவாளப் பக்கத்து வகுப்புகளில் படித்த பிள்ளைகள் மறுபக்கத்துப் பிள்ளைகளைவிட வாசிப்பில் பின்தங்கியிருந்தார்கள். உயர் வகுப்புகளில் அந்த இடைவெளி ஏறத்தாழ ஓராண்டுப் படிப்பின் அளவுக்கு இருந்தது. தண்டவாளத்தில் ரப்பர் திண்டுகளும் வகுப்பறைக் கூரையில் ஒலி உறிஞ்சும் பலகைகளும் பொருத்திய பிறகு இரு பக்கத்தாரும் ஒரே நிலைக்கு வந்தார்கள். 1992இல் மியூனிக் விமான நிலையம் இடம் மாறியபோதும் இதுவே நடந்தது. பழைய நிலையத்தின் அருகிலிருந்த பிள்ளைகளின் வாசிப்பும் நினைவாற்றலும் மேம்பட்டன. புதிய நிலையத்தின் அருகே அவை சரிந்தன.

பழகிவிட்டது என்பது விழித்திருக்கும் மனத்துக்குத்தான். தூக்கத்தில் வண்டி கடக்கும்போது இதயத் துடிப்பு ஏறி இறங்குவது ஆண்டுக்கணக்கில் அங்கேயே வாழ்ந்தவரிடமும் முற்றாக நிற்பதில்லை. சாலை இரைச்சல் இரவில் 45 டெசிபெல்லுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் ஐரோப்பாவுக்கு வகுத்த பரிந்துரை. உங்கள் பகுதியில் சன்னலைத் திறந்து வைத்து அந்த அளவை எட்டுவது கடினம்.

முடிந்தால் அறையை மாற்றிக் கொடுங்கள். தொலைக்காட்சியும் சோபாவும் ரயில் பக்கம் போகட்டும். திரைச்சீலை தடிப்பாக இருந்தாலும் தாழ்ந்த ஒலியை நிறுத்தாது. சன்னல் சட்டத்தைச் சுற்றியுள்ள இடுக்குகளை ரப்பர் பட்டையால் அடைப்பது அதைவிடப் பயன் தரும். மின்விசிறியின் சீரான இரைச்சல் திடீர் ஒலிகளை ஓரளவு மூடிவிடும். தகரக் கூரையின்மேல் அடைமழை கொட்டும்போது நம்மில் பலருக்கு நன்றாகத் தூக்கம் வருவதும் இதனால்தான்: ஒலி பெரிது, ஆனால் மாற்றமில்லாதது, அச்சுறுத்தாதது. காதொலிப்பானில் பாட்டுக் கேட்டுக்கொண்டே படிக்கிறான் என்றால், சொற்கள் உள்ள பாட்டு வாசிப்பைக் கெடுக்கும் என்பதைச் சொல்லுங்கள்.

மகள் கோலாலம்பூரில் வேலை பார்க்கிறாள். நாள் முழுதும் குறுஞ்செய்தி அனுப்புகிறாள். பேச மட்டும் நேரமில்லை என்கிறாள். எனக்கு அவள் குரலைக் கேட்டால்தான் மனம் ஆறுகிறது. நான் பழைய காலத்து ஆளா?
*— வாசகர், பாயான் லெப்பாஸ், பினாங்கு*

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில், பள்ளிச் சிறுமிகளை அந்நியர்கள் முன்னிலையில் பேசவும் கணக்குப் போடவும் வைத்துப் பதற்றப்படுத்திய பின், சிலரைத் தாயோடு நேரில் சேர்த்தார்கள். சிலரைத் தொலைபேசியில் பேச வைத்தார்கள். சிலரை எழுத்துச் செய்தியில் உரையாட வைத்தார்கள். நேரிலும் தொலைபேசியிலும் தாயின் குரலைக் கேட்டவர்களுக்கு மனத்தைத் தணிக்கும் ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் சுரந்தது, பதற்றத்தின் ஹார்மோனான கார்ட்டிசால் தணிந்தது. 2012இல் வெளியான முடிவுகளின்படி, எழுத்தில் உரையாடியவர்கள் யாரோடும் தொடர்பு கொள்ளாதவர்களைப் போலவே இருந்தார்கள். சொல் அதேதான், குரல் இல்லை. வளர்ந்த மகளுக்கும் தந்தைக்கும் இதை அப்படியே பொருத்துவது ஆய்வுக்கு வெளியே போவதாகும் என்றாலும், நான் உங்கள் பக்கம்தான்.

பழைய தொலைபேசிக் கம்பி 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்தியது. ஆண் குரலின் அடிப்படை அதிர்வு பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸையொட்டி இருப்பதால் அது கம்பியில் வரவே இல்லை. மேலுள்ள ஒலிகளைக் கொண்டு மூளையே அதை இட்டு நிரப்பி, அப்பாவின் கனத்த குரலாகக் கேட்க வைத்தது. ஆகக் குறைந்த தரத்தில் வந்தாலும் குரலை நாம் அடையாளம் கண்டுகொள்வோம். நீண்ட நேரம் பேச வேண்டியதில்லை. அவள் வேலை முடிந்து ரயிலிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடக்கும் அந்தச் சில நிமிடங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பதிவு செய்த குரல் செய்தியும் எழுத்தைவிட மேலானது என்றே எனக்குத் தோன்றுகிறது.

உங்களுக்குக் காது சற்று மந்தம் என்று கடிதத்தின் முடிவில் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் காணொளி அழைப்பே நல்லது. நாம் காதால் மட்டும் கேட்பதில்லை. "பா" என்ற ஒலியை "கா" என்று உச்சரிக்கும் வாயின் படத்தோடு சேர்த்துக் காட்டினால் பலருக்கு "டா" என்று கேட்கிறது என்பதை மெகர்க், மெக்டொனால்ட் இருவரும் 1976இலேயே வெளியிட்டார்கள். உதட்டசைவு தெளிவாகத் தெரிந்தால் பாதிப் பேச்சு புரிந்துவிடும். எனவே மகளிடம், கைப்பேசியை முகத்துக்கு நேராகப் பிடிக்கவும், சன்னலுக்கு முதுகைக் காட்டாமல் வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்காரவும், சாப்பிட்டுக்கொண்டே பேசாமல் இருக்கவும் சொல்லுங்கள்.